படம்: ம. ஜெபக்கனி

பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள், பத்தே முக்காலுக்கே வந்துவிட்டேன், இப்போது பதினொன்றே முக்கால், இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் உட்கார வைப்பதும் விசாரணையில் சேர்த்திதான் என்று வக்கீல் சுடலைமுத்து நேற்றே சொல்லியிருந்தார். தண்ணி வேணுமா என்று கேட்பார்கள், கொடுக்க மாட்டார்கள், நீங்க பாட்டுக்கு இருங்கம்மா என்றார். நான் பாட்டுக்குத்தான் இருக்கிறேன். பெஞ்சுக்கு ஒரு கால் கட்டை, மூச்சு விட்டால்கூட டக்கென்று ஒரு பக்கம் சாய்கிறது, அதனால் மூச்சையும் அளந்து விடுகிறேன். மூன்றாவது மாடி. இடது கைப்பக்கம் சைபர் கிரைம், வலது கைப்பக்கம் தொழிலாளர் துறையின் ஏதோ ஒரு பிரிவு, நடுவில் பினாயில் மணக்கும் இந்த நடை, நடையில் இந்தப் பெஞ்சு, பெஞ்சுக்கு நேர் எதிரே அந்தச் சுவரொட்டி. பார்க்கக் கூடாது என்று உட்காரும்போதே முடிவு செய்தேன். பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது. மின்விசிறியைப் பார்த்தேன், என் செருப்பைப் பார்த்தேன், தீயணைப்பு வாளியில் யாரோ துப்பிய வெற்றிலைச் சாற்றைப் பார்த்தேன், கண் தானாக அங்கேதான் போய் நிற்கிறது. அவசர வழியைப் பூட்டாதீர்! தொழிற்பாதுகாப்பு வார வாழ்த்துகள். நடுவில் அந்தப் படம். வெள்ளைக் கதவு, கதவின் இரண்டு கைப்பிடிகளையும் சுற்றி இரும்புச் சங்கிலி, சங்கிலியில் மாட்டிக்கொண்டு கிழிந்து தொங்கும் ஒரே ஒரு நீல ரப்பர் கையுறை. கீழே வலது மூலையில் சின்ன எழுத்தில், படம்: ம. ஜெபக்கனி. இங்கிருந்து அது தெரியாது. எனக்குத் தெரிகிறது. கண்ணை மூடினாலும் தெரிகிறது. உள்ளே போனதும் என்னைக் கேட்கப் போகிற ஒரே கேள்வி அந்தப் படத்தை யார் எடுத்தது என்பது. பதில் சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

ஒட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒன்பது வருஷமாக உப்புக்காற்று என்று ஓர் இணையதளத்தைத் தனி ஆளாக நடத்துகிறேன், இந்த ஒன்பது வருஷத்தில் என் படத்தை எடுத்துப் போட்ட எத்தனை பேர் என் பெயரைப் போட்டார்கள் என்று கேட்டால் ஒரு கை விரலே அதிகம். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று நான் எடுத்த படத்தை ஒரு பெரிய பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது, கீழே நன்றி: இணையம் என்று இருந்தது. இணையமா வந்து தண்ணீரில் நின்றது? இணையத்துக்கா சேற்றுப்புண் வந்தது? அன்றைக்குப் பத்திரிகை அலுவலகத்துக்கே போன் போட்டுக் கத்தினேன். அதற்குப் பிறகு கூட்டத்துக்குக் கூட்டம், பயிற்சிக்குப் பயிற்சி, மைக் கிடைத்தால் போதும், அதே பேச்சுதான். பெயரைப் போடுங்கள். எடுத்தவன் ஏழையாக இருந்தாலும் போடுங்கள், கூலிக்காரியாக இருந்தாலும் போடுங்கள். என் முதுகுக்குப் பின்னால் பேர்போடு உலகம்மா என்று சொல்கிறார்கள் என்பது தெரியும், உலகம்மாள் என்ற பெயருக்கு அது நன்றாகத்தான் இருந்தது, உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. அதனால்தான் என் தளத்தில் இருந்த எல்லாவற்றையும் திறந்த உரிமத்தில் கொடுத்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், அச்சடி, சுவரில் ஒட்டு, காசு வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம், ஒரே ஒரு நிபந்தனை, எடுத்தவர் பெயரைப் போடு. யாரும் போடவில்லை. கடைசியில் ஓர் அரசாங்கத் துறை, அதில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு நல்ல மனிதர், உரிமத்தை முழுக்கப் படித்து, நிபந்தனையை மதித்து, பெயரை எழுத்துப் பிசகாமல் போட்டிருக்கிறார். என் ஒன்பது வருஷக் கத்தல் ஒரே ஒரு தடவை பலித்தது. அது ஜெபக்கனியின் தலையில் போய் விழுந்தது.

ஜெபக்கனியை நான் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில். இறால் கம்பெனியில் அம்மோனியா கசிந்து பதினேழு பெண்களைக் கொண்டு வந்து போட்டிருந்தார்கள். கேஸு, கேஸு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அந்த வாடை அவர்கள் சீருடையிலிருந்து எழும்பி என் கண்ணையும் கரிக்க வைத்தது, இன்றைக்கும் கழிவறையில் பிளீச்சிங் பவுடர் போட்டால் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. அவள் கட்டிலில் படுக்கவில்லை, கீழே உட்கார்ந்திருந்தாள், கைகள் இரண்டும் ஐஸில் ஊறி ஊறிச் சுருங்கி மாவு நிறத்தில் இருந்தன. பக்கத்தில் நின்று இறால் உரித்த அன்னத்தாய் வந்து சேரவில்லை. பின்வாசல் பூட்டியிருந்துச்சுக்கா, என்றாள், தட்டுனோம், அவ சங்கிலிய ரெண்டு கையாலயும் புடிச்சு இழுத்தா, நான் முன்வாசலுக்கு ஓடிட்டேன், அவ இழுத்துக்கிட்டே நின்னுட்டா. பின்வாசல் எப்போதும் திறந்துதான் இருக்கும், அன்னத்தாய் பதற்றத்தில் முன்வாசலுக்கு ஓடியதால்தான் சாவு என்று கம்பெனி அறிக்கை கொடுத்தது. மறுநாள் கூடத்தைக் கழுவ வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள், ஜெபக்கனி போனாள், போனை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள். சங்கிலி அப்படியே இருந்தது, அன்னத்தாயின் கையுறை அதில் மாட்டியிருந்தது. ஒரே ஒரு படம். நான் பத்து எடுத்திருப்பேன், பத்தில் ஒன்றுகூட இப்படி வந்திருக்காது. எப்படி எடுத்தாய் என்று கேட்டேன். மொதல்ல நின்னு பாத்தேன், கருப்பா தெரிஞ்சுச்சு, குத்தவச்சுப் பாத்தேன், சன்னல் வெளிச்சம் கையொறையில விழுந்துச்சு, அப்ப அமுக்குனேன், என்றாள். இருபது வருஷம் கேமரா தூக்கிய எனக்கு அவள் பாடம் எடுத்தாள். கட்டுரையில் படம்: வாசகர் ஒருவர் என்று போட்டேன். அவ்வளவு ஜாக்கிரதை எனக்கு அப்போது இருந்தது. அவள் வேலை, அவள் தெரு, அவள் வயது, எதையும் எழுதவில்லை. என் நோட்டில்கூட அவள் பெயர் இல்லை. ஒரே ஒரு காகிதத்தில் இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம், இந்தப் படத்தை யார் வேணாலும் எடுத்துக்கலாம், கீழே ம. ஜெபக்கனி. உரிமத்துக்குச் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்று நான்தான் கேட்டு வாங்கினேன். எழுதிவிட்டுச் சொன்னாள், யாரு வேணா எடுத்துக்கட்டும்க்கா, கதவு தொறந்தாச் சரி. அந்தக் காகிதம் இதோ என் பையில் இருக்கிறது.

ஏட்டம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். தண்ணி வேணுமா என்றார். வேண்டாம் என்றேன், வக்கீல் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்பது போல. என்ன நினைத்துக்கொண்டிருந்தேன், காகிதம், ஆமாம், பெட்டி. எங்கே ஆரம்பித்தாலும் அந்தப் பெட்டிக்குத்தான் வந்து சேர்கிறேன். கட்டுரை வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, தளத்தின் படங்களை எல்லாம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கும் பொதுப்படக் களஞ்சியத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். முந்நூற்றுச் சொச்சம் படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். இது உங்கள் சொந்தப் படைப்பா? ஆம், ஆம், ஆம் என்று தட்டிக்கொண்டே போனேன். அந்தப் படம் வந்தது. இது உங்கள் சொந்தப் படைப்பா? கை நின்றது. ஆம் என்று தட்டியிருக்கலாம். ஒரே ஒரு பொய். தட்டியிருந்தால் இன்றைக்கு இந்தப் பெஞ்சும் இல்லை, அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் யார், பேர்போடு உலகம்மா, ஏழைக்காரி எடுத்த படத்தை என்னுடையது என்பேனா? இல்லை என்று தட்டினேன். உடனே ஒரு பெட்டி திறந்தது, படைப்பாளர் பெயர், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகவில்லை. ஒரு புள்ளி வைத்திருக்கலாம். வாசகர் என்று போட்டிருக்கலாம். அந்தப் பெட்டிக்குக் கீழேயே, திரையைக் கொஞ்சம் நகர்த்தினால், பெயர் வெளியிட விரும்பாதவர் என்று ஒரு கட்டம் இருந்தது, அதைப் பிற்பாடுதான் பார்த்தேன். அன்றைக்கு நகர்த்தவில்லை. அன்றைக்கு என் மனதில் பயமே இல்லை, பயம் கட்டுரையோடு முடிந்துவிட்டது என்று இருந்தேன், நியாயம் மட்டும்தான் இருந்தது. ம. ஜெபக்கனி என்று தட்டினேன். சந்தோஷமாகத் தட்டினேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவசரத்தில் தட்டியிருந்தால், தூக்கக் கலக்கத்தில் தட்டியிருந்தால், அதையாவது சொல்லிக்கொள்ளலாம். நன்றாக விழித்திருந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு நல்ல காரியம் செய்கிற நினைப்பில் தட்டினேன்.

தொழிற்பாதுகாப்பு வாரத்தில் ஒருநாள் அவள் போன் வந்தது, ஒன்றே காலுக்கு, அவளுக்குச் சாப்பாட்டு நேரம். எடுத்ததும் சிரிப்புத்தான் கேட்டது. எக்கா, எக்கா, கேன்டீன் சுவத்துல எம் பேரு! என்ன சொல்கிறாய் என்றேன். அச்சுலக்கா! கவருமெண்டுல இருந்து ஒட்டியிருக்காவ, நம்ம படம், அடியில எம் பேரு, ம-வும் போட்டிருக்காவ, எங்கய்யா மரியதாசும் கூட வந்துட்டாவ பாத்துக்கோங்க. ரேசன் கார்டுலயும் கல்யாணப் பத்திரிகையிலயும் பாத்ததுதாங்கா, ரெண்டுலயும் ஜெபகனின்னு போட்டுட்டான், இதுல தப்பில்லாம போட்டிருக்காவ. பின்னால் தட்டுகள் மோதும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். அவள் பேசிக்கொண்டே இருந்தாள், மவள்ட்ட போட்டோ புடிச்சுக் காட்டணும், பள்ளியோடத்துல காட்டுவா. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததில் அவளுக்குச் சிரிப்பு மெல்லக் குறைந்தது. எக்கா, கேக்கா? கேட்கிறது என்றேன். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள், எக்கா, இது போடக் கூடாதோ? அவள் கேட்ட விதத்தில் கோபமே இல்லை. தப்பு அவளுடையது போல, தெரியாமல் சந்தோஷப்பட்டுவிட்டது போலக் கேட்டாள். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஓடிப்போய்ப் பெயரை மாற்றினேன், பத்து நிமிஷத்தில் மாற்றினேன். முன்பு இருந்தது என்ன, மாற்றியது யார், எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் அந்தக் களஞ்சியம் பத்திரமாக வைத்திருக்கிறது, அதுதான் அதன் நேர்மை. படத்தைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்கவும் வழியில்லை, அந்த உரிமத்தில் கொடுத்தது கொடுத்ததுதான், கொடுத்தவர் மனம் மாறினாலும் எடுத்துக்கொண்டவர் கையில் இருப்பது அவருடையது. இதைப் பயிற்சி வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், பெரிய நல்ல சேதி போல. அச்சடித்த சுவரொட்டிகள் எத்தனையோ, எந்தெந்தச் சுவரிலோ. மூன்றாம் நாள் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். வேறு எந்தக் கம்பெனி வாசலிலும் நிற்க விடவில்லை. பிறகு அவள் போன் அணைந்தது. வீட்டுக்குப் போனேன், மகள் கதவை ஒரு சாண் திறந்து, அம்மா இல்ல, என்றாள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. சத்தம் சட்டென்று நின்றது. நான் திரும்பி வந்தேன்.

இப்போது வழக்கு என் மேல். படம் அந்தக் கம்பெனியில் எடுத்ததே இல்லை, எங்கேயோ ஒரு கதவைக் காட்டிப் பொய் பரப்பினேன் என்று புகார். சுடலைமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், பத்திரிகைக்காரன் தனக்குச் சேதி குடுத்த ஆளைக் காட்டிக்கொடுக்க வேண்டாம்னு ஒரு சட்டத்துல ஓர் ஓரமா இருக்கும்மா, அது அச்சுப் பத்திரிகைக்கு, அதுவும் பத்திரிகை மன்றம்னு ஒண்ணே ஒண்ணுக்கு முன்னால நிக்கும்போது மட்டும். நீங்க இணையதளம். அதுல உங்க வரி எங்கயும் இல்ல. அப்ப நான் யாரு சார் என்று கேட்டேன். சட்டத்துக்கா? கம்ப்யூட்டர் வச்சிருக்கிற ஒரு பொம்பள, என்றார். சிரித்தோம். பிறகு சொன்னார், யாரு எடுத்ததுன்னு கேட்டா சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க, தெரியாதுன்னு சொல்லாதீங்க, வேற ஒண்ணும் பேசாதீங்க. சரி, சொல்ல மாட்டேன். உள்ளே தள்ளினாலும் சொல்ல மாட்டேன், அதற்கு ஒரு காலத்தில் மனசைத் தயார் செய்து வைத்திருந்தேன், இப்படி ஒருநாள் வந்தால் வாயைத் திறக்காமல் கம்பீரமாக நிற்க வேண்டும் என்று கற்பனைகூடச் செய்ததுண்டு. வெட்கமாக இருக்கிறது. எதிரே சுவரில் அவள் பெயரை ஒட்டி வைத்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கு என்ன? ஆனால் சுவரொட்டிப் பெயர் சாட்சி ஆகாது, நான் சொல்லாவிட்டால் படம் அநாதை, எந்த ஊர்க் கதவோ என்று தள்ளிவிடுவார்கள், அன்னத்தாய் பதற்றத்தில் செத்தவளாகவே போவாள். சொன்னால் ஜெபக்கனி கம்பெனிக்குள் ஒளித்துப் படம் எடுத்த குற்றவாளி. பையில் இருக்கும் காகிதத்தை எடுத்து நீட்டினால் நான் தப்பித்துக்கொள்ளலாம், படமும் நிற்கும், அவள் மட்டும் போவாள். இன்னொரு வழியும் இருக்கிறது. விடிந்ததிலிருந்து அது வந்து வந்து நிற்கிறது, நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நான்தான் எடுத்தேன் என்று சொல்வது. கம்பெனிக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து நானே எடுத்தேன். அத்துமீறல் வழக்கு வரும், வரட்டும். அதுவல்ல. அவள் குத்தவைத்துப் பார்த்த வெளிச்சத்தை நான் பார்த்ததாகச் சொல்ல வேண்டும். அவள் வாழ்க்கையில் தப்பில்லாமல் அச்சான ஒரே பெயரை நான் அடித்துவிட வேண்டும். யார் யாரையெல்லாம் திருடன் என்று மைக்கில் திட்டினேனோ அந்த வரிசையில் போய் நிற்க வேண்டும். என்னால் முடியாது. ஜெயிலுக்குப் போவேன், இதைச் செய்ய மாட்டேன். உலகம்மாள், உள்ள வாங்க, என்கிறார் ஏட்டம்மா. பெஞ்சு டக்கென்று சாய்ந்தது.

இன்ஸ்பெக்டர் மோசமான ஆள் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீரும் வந்தது, சுடலைமுத்து சொன்னது அந்த மட்டில் தப்பு. கோப்பைப் புரட்டிக்கொண்டே, சொல்லுங்கம்மா, யாரு எடுத்த படம் இது, என்றார். சொல்ல மாட்டேன் என்றேன், குரல் நான் நினைத்த அளவு கம்பீரமாக வரவில்லை. அவர் தலையாட்டினார், எதிர்பார்த்தவர் மாதிரி. நீங்க சொல்லாட்டிப் பரவால்ல, அந்தம்மா அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க, கம்பெனியில இருந்து கொண்டாந்து குடுத்திருக்காங்க, பாருங்க, என்று ஒரு காகிதத்தைத் திருப்பி வைத்தார். கோடு போட்ட நோட்டுத்தாள், மகளுடைய நோட்டாக இருக்கும், ஓரத்தில் கிழித்த பற்கள். கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, பையில் இருக்கும் காகிதத்தில் உள்ள அதே கை, அதே பெரிய ஜெ. மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, மேற்படி சுவரொட்டியில் காணப்படும் புகைப்படம் என்னால் எடுக்கப்பட்டது அல்ல என்றும், எனது பெயர் எனக்குத் தெரியாமல் பயன்படுத்தப்பட்டுள்ளது என்றும், மேற்படி கதவை நான் எங்கும் கண்டதில்லை என்றும் உறுதி கூறுகிறேன், என்னை மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். யாரோ சொல்லச் சொல்ல எழுதியது. அவள் வாயில் மேற்படி வராது. கோபம் வரவில்லை எனக்கு, ஒரு துளி வரவில்லை, நல்லது செய்தாய் என்றுதான் நினைத்தேன், பிழைத்துக்கொள், மகளைப் படிக்க வை. இப்படிக்கு ம. ஜெபக்கனி. அதற்குக் கீழே, கையெழுத்துக்கும் கீழே, எழுதி முடித்து எழுந்து போகிறவள் திரும்ப உட்கார்ந்து எழுதியது போல, கோட்டில் நிற்காமல் ஒரு வரி. அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது, யாரும் வாசித்ததாகவும் தெரியவில்லை, வாசித்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். யாரு எடுத்தாவளோ நல்லா எடுத்திருக்காவ.

எழுத்து கலங்கிவிட்டது, கண்ணைத் துடைத்தேன், துடைக்கத் துடைக்க வந்தது. என்னம்மா, என்றார் இன்ஸ்பெக்டர். பையின் ஜிப் திறந்திருந்தது, காகிதத்தின் ஓரம் தெரிந்தது, ஜிப்பை இழுத்து மூடினேன். நான்தான் சார் எடுத்தேன், என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கம்பெனிக்குள்ளயா? அந்தக் கம்பெனிக்குள்ளதான் சார், சம்பவம் நடந்த மறுநாள், பின்வாசல்ல, கூடம் கழுவ வந்தவங்களோட சேர்ந்து உள்ள போனேன். வக்கீல்ட்ட கேட்டுட்டுச் சொல்லுறீங்களா? வேண்டாம் சார், எழுதிக்கோங்க. அப்ப இந்த அம்மா பேரு எப்படி வந்துச்சு? தப்பாப் போட்டது சார். யாரு போட்டது? நான்தான் போட்டேன், என்றேன். அந்த அறையில் நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை, அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. எப்படி எடுத்தீங்க என்று கேட்டார், எழுதுவதற்காகத்தான் கேட்டார். நின்று பார்த்தேன், கருப்பாகத் தெரிந்தது, குத்தவைத்துப் பார்த்தேன், சன்னல் வெளிச்சம் கையுறையில் விழுந்தது, அப்போது அமுக்கினேன். ஒரு சொல் மாறாமல் சொன்னேன். அவர் எழுதினார். எழுதி முடித்து, கோப்பில் இருந்த படத்தை எடுத்துக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார், நல்ல மனிதர், மனசிலிருந்துதான் சொன்னார், நல்லாத்தாம்மா எடுத்திருக்கீங்க. நன்றி சார், என்றேன்.